முதல் மாநிலப் பயணத்துக்குக் கிளம்பும் பி.டி. ஆசிரியருக்கு

வருவாய் மாவட்டப் போட்டியில் உங்கள் கபடி அணி ஜெயித்துவிட்டது. அடுத்தது மாநிலப் போட்டி. கம்பத்திலோ சின்னமனூரிலோ கூடலூரிலோ இருக்கும் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப்போய், ஆடவைத்து, பத்திரமாகக் கூட்டிவர வேண்டும். ரெய்டு போவதையும் கார்னர் பிடிப்பதையும் சொல்லிக்கொடுக்க உடற்கல்விக் கல்லூரியில் படித்தோம். இந்தப் பயணத்தை நடத்துவது தனி வேலை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆடித் தோற்ற அணி அழுதுவிட்டு ஊர் திரும்பும், அடுத்த வருஷம் மறுபடி வரும். ஆடவே விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட அணியைத் தேற்ற முடியாது. அதற்குப் பெரும்பாலும் காகிதம்தான் காரணம். 2023 ஜூனில் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். மற்ற மாநிலப் பிள்ளைகள் டெல்லியிலும் போபாலிலும் ஆடிக்கொண்டிருந்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அழைப்புத் தகவல் உரிய நேரத்தில் கீழே வந்து சேரவில்லை. அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், அதிகாரி மீது நடவடிக்கை வந்தது. ஆனால் அந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பள்ளி அளவில் இன்னொரு தேசியப் போட்டி கிடையாது. அது மேலிடத்தில் நடந்த தவறு. அதே தவறு ஒரு பள்ளிக்குள்ளும் சுலபமாக நடக்கும். ஆகவே போட்டிக் காலம் முழுக்கப் பள்ளியின் மின்னஞ்சலைத் தினமும் நீங்களே திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் என்று காத்திருக்காமல், மாவட்ட உடற்கல்வி ஆய்வாளருக்கு ஒரு போன் போட்டுத் தேதியைக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எண், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டோ மேல் படும்படி வாங்கிய நுழைவுப் படிவம் எல்லாம் வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய வில்லங்கம். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் பெயரே ஏறியிருக்காது. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது என்று வயதுப் பிரிவு பார்த்துச் சேர்க்கும் இடத்தில் இப்படி ஒரு முரண் போதும், எதிரணி ஆட்சேபம் எழுப்பிவிடும். கடைசி வாரத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. ஜூனில் பள்ளி திறந்ததும் விளையாடும் பிள்ளைகளின் பெயர்களை எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

பெற்றோர் சம்மதக் கடிதத்தில்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலரின் அம்மாக்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்குப் போனால், திரும்ப இருட்டிவிடும். பள்ளி நேரத்தில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குப் போய் வாங்குங்கள். போனால் கையெழுத்தோடு வேறு விஷயங்களும் தெரியவரும்: பிள்ளைக்கு வீசிங் உண்டா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, இரவில் யாருக்குப் போன் போட வேண்டும். பெண் பிள்ளையை அனுப்பத் தயங்கும் வீட்டில் கூட வரும் டீச்சரையும் அழைத்துப்போய்ப் பேசவையுங்கள். பெண்கள் அணி என்றால் பெண் ஆசிரியர் ஒருவர் உடன்வந்தே ஆக வேண்டும். இதில் சமரசம் கூடாது.

பயணத்துக்கு வருவோம். மதுரை–போடி அகல ரயில் பாதை வேலைக்காக 2010 முடிவில் நின்ற ரயில், தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூனிலும்தான் திரும்ப வந்தது. போடியிலிருந்து சென்னை சென்ட்ரல் போகும் வண்டி மதுரை, கரூர், சேலம் வழியாகச் செல்வதால், அந்தப் பக்கத்துப் போட்டிகளுக்கும் உதவும். ஆனால் அது தினசரி வண்டி இல்லை, கம்பத்துப் பிள்ளைகள் தேனி வரை பஸ்ஸில் வந்துதான் ஏற வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் முன்பதிவு. பன்னிரண்டு பேரும் இரண்டு ஆசிரியர்களும் போனால் மூன்று டிக்கெட். மூன்றும் வேறு வேறு பெட்டியில் விழாதபடி கவுன்டரில் சேர்த்துக் கேளுங்கள். விளையாட்டு வீரர்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பழைய நினைப்பில் பட்ஜெட் போடாமல், அன்றைய நிலையை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டித் தேதி தாமதமாக வந்து ரயிலில் இடமில்லை என்றால் அரசு விரைவுப் பேருந்துதான். இரவெல்லாம் உட்கார்ந்து வந்த பிள்ளையைக் காலை ஒன்பது மணிக்குக் களத்தில் இறக்காதீர்கள். ஒருநாள் முன்பே போய்ச் சேரும்படி தலைமையாசிரியரிடம் பிடிவாதமாகக் கேளுங்கள், அது உங்கள் சுகத்துக்கான கேள்வி அல்ல.

தங்குவது பெரும்பாலும் ஏதாவது பள்ளி வகுப்பறையில்தான். போனதும் முதலில் கழிப்பறையையும் தண்ணீரையும் பாருங்கள், பைகளைப் பிறகு இறக்கலாம். சானிட்டரி நாப்கின், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கிரேப் பேண்டேஜ், ஐஸ் போட ஒரு பை கட்டாயம் இருக்கட்டும். மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளைகள் சென்னைப் புழுக்கத்தில் சீக்கிரம் துவண்டுபோவார்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கவிடாமல் குடிக்கவையுங்கள். எடைப் பிரிவுக்காக ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டுத் தராசில் ஏற்றுவது எந்தக் கோப்பைக்காகவும் செய்யக் கூடாத காரியம். அந்த எடையில் பிள்ளை இல்லையென்றால் அணியை மாற்றுங்கள்.

களம் பற்றி ஒன்று. நம் பிள்ளைகள் மண்ணில் ஆடிப் பழகியவர்கள். மாநில அளவில் பெரும்பாலும் மேட். மண்ணில் வழுக்கிக்கொண்டு போய் எல்லையைத் தொடுகிற கால் மேட்டில் பிடித்துக்கொள்ளும், முட்டி திரும்பிவிடும். மேட் ஷூ வாங்கினால் மட்டும் போதாது. எங்கே மேட் இருக்கிறது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து, கிளம்பும் முன் சில நாட்களாவது அதில் ஆடவையுங்கள்.

முடிவு எதுவானாலும் சான்றிதழ் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் மருத்துவத்திலும் தனி இடங்கள் உண்டு. மாநிலம், தேசியம் என்று போட்டியின் அளவைப் பொறுத்து மதிப்பெண்ணும் படிவமும் மாறும். ஏலத்தோட்டத்து வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு ஐந்து வருஷம் கழித்து அந்தத் தாள்தான் சீருடைப் பணியையோ கல்லூரி இடத்தையோ வாங்கித் தரும். வாங்கிய இடத்திலேயே பெயர், இனிஷியல், பிறந்த தேதி, எந்த இடம் பிடித்தது என்பதைப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அமைப்பாளர் கிளம்புமுன் திருத்தி வாங்குங்கள். ஊர் வந்ததும் நகல் எடுத்துப் பள்ளிக் கோப்பில் ஒன்று வையுங்கள். மழையில் ஒழுகும் வீடுகள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன.

உங்கள் கைக்காசு எவ்வளவு போயிருக்கும் என்பது தெரிந்ததுதான். பஸ் டிக்கெட், சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பயணப்படி பில்லை அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் தவறவிட்ட தேர்வுகளுக்கு வகுப்பு ஆசிரியர்களிடம் தேதி வாங்குவதும் உங்கள் வேலைதான். திங்கட்கிழமை காலை முதல் பீரியடுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.