காலை ஆகாரமும் முந்தின நாள் மாலையும்

கிராமத்தில் காலைப் பொழுதே யாவருக்கும் அதிக நெருக்கடியான பொழுதாயிருக்கிறது. மாடு கறத்தல், பாலைச் சங்கத்தில் சேர்த்தல், வயலுக்கு நீர் பாய்ச்சல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் ஆகிய யாவும் ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலேயே முடியவேண்டும். மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் ஆட்களை ஏற்றிச்செல்லும் வண்டிகளும் பல ஊர்களில் அந்நேரத்திலேயே வந்து நிற்கின்றன. இந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது ஆகாரமே. ஒரு குவளைத் தேநீரும் கடையில் வாங்கிய பன்னும் உட்கொண்டு பிள்ளை பள்ளிக்குப் போகிறது. தகப்பனார் தேநீரோடு வயலுக்குப் போகிறார். தாயாரோ பல சமயங்களில் அதுவுமின்றி வேலைக்குப் போகிறார். வீட்டில் தானியம் இல்லாததனால் இவ்வாறு நேர்வது இப்போது குறைவு. காலையில் அடுப்பை மூட்டிச் சமைக்க நேரமில்லாததனாலேயே பெரும்பாலும் நேர்கிறது.

இதன் பலன் வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஒரு நாள் காலையில் உண்ணாததனால் யாரும் படுத்துவிடுவதில்லை. ஆனால் இவ்வழக்கம் வருஷக்கணக்கில் நீடிக்கும்போது ரத்தம் மெதுவாகச் சோகை அடைகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேரும் ரத்த சோகை உடையவர்களாகக் காணப்பட்டனர். அதாவது தாயும் சேயும் அமர்ந்திருக்கும் எந்தத் திண்ணையிலும் பாதிப்பேருக்கு மேல் இக்குறை உண்டு என்று கொள்ளலாம். கீழிமையின் உட்புறம் வெளுத்திருத்தல், சிறிது தூரம் ஓடினால் மூச்சு வாங்குதல், பாடத்தில் மனம் நில்லாமை ஆகியவை இதன் அடையாளங்கள். இத்தகைய பிள்ளையை வீட்டிலுள்ளோர் சோம்பேறி என்கின்றனர். உண்மையில் அப்பிள்ளையின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லப் போதிய இரும்புச் சத்து இல்லை.

முன்னோர் காலத்திலும் காலை நேரம் நெருக்கடியானதே. இருள் விலகுமுன் ஏர் பூட்டியவர்களுக்கு ஓய்வு ஏது? எனினும் அவர்கள் வெறும் வயிற்றோடு வயலுக்குச் சென்றதில்லை. அவர்களுடைய காலை ஆகாரம் முந்தின நாள் மாலையிலேயே தயாராகிவிட்டது என்பதே இதன் காரணம். பழைய சோறும் கேழ்வரகுக் கூழும் வறுமையின் அடையாளமென்று இழிவாகக் கருதப்பட்டு, சற்று வசதி வந்தவுடன் ஒதுக்கப்பட்டன. அவற்றோடு மாலையிலேயே மறுநாள் காலையைப் பற்றி யோசிக்கும் ஒழுங்கும் மறைந்துவிட்டது. ஆகாரத்தைக் காட்டிலும் இந்த ஒழுங்கின் இழப்பே பெரிது.

கூழ் காய்ச்சும் முறை அநேகருக்குத் தெரிந்ததேயாயினும், இளந்தாய்மார் பலர் அதை மறந்துவிட்டபடியால் இங்கே கூறுவது தகும். நால்வருள்ள குடும்பத்திற்கு ஏறக்குறைய கால் கிலோ கேழ்வரகு மாவு போதும். அதை இரவில் நீர் விட்டுக் கரைத்து மூடிவைத்தால் மறுநாள் மாலைக்குள் இதமாகப் புளித்துவிடும். மாலையில் இரண்டு கைப்பிடி நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை அதில் விட்டு, அடிப்பிடியாமல் கிளறி, கையை நனைத்துத் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கவேண்டும். ஆறியபின் மூடிவைத்துவிட்டால், காலையில் மோரும் உப்பும் சேர்த்துக் கரைப்பது ஒன்றே வேலை. இரவுச் சமையலுக்கு எப்படியும் அடுப்பு எரிகிறபடியால் இதற்காகத் தனியே விறகோ எரிவாயுவோ அதிகம் செலவாவதில்லை. சின்ன வெங்காயமும் முந்தின நாள் கீரைப் பொரியலில் எடுத்துவைத்ததும் உடன் இருந்தால் அது முழு ஆகாரமாகிறது. கோடைக்காலத்தில் கீரையை இரவு முழுவதும் வெளியில் வைத்தலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் அதற்குப் பதில் வறுத்த நிலக்கடலைத் துவையல் ஏற்றது.

கேழ்வரகின் சிறப்பு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இச்சத்து உண்டு. அதே எடையுள்ள தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. வளரும் எலும்புக்கும் பல்லுக்கும் இதுவே ஆதாரம். மாவைப் புளிக்கவைப்பதனால் தானியத்தில் சத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள் ஓரளவு அழிந்து, இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உடலில் எளிதாகச் சேர்கின்றன. முளைகட்டுவதும் இவ்வாறே பயன்படும். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை கண்டபின் நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்த மாவு, ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு இணை ஆகாரமாகக் கொடுக்கத்தக்கது.

ஆனால் கேழ்வரகைப் பற்றி ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் அதை எவ்வளவு உண்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்பர். அதுவும் தானியமே, நைய அரைத்த மாவைக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். அத்தகையோர் அளவைக் குறைத்து, பயறும் காய்கறியும் மிகுதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய சோற்றைப் பற்றியும் இவ்வாறே மிகையான பேச்சு உண்டு. இரவெல்லாம் நீரில் ஊறினால் சோற்றில் இரும்புச் சத்து இருபது மடங்காகிறதென்று சிலர் கூறுகின்றனர். இரும்பு ஒரு தாதுப்பொருள். பானையிலும் நீரிலும் அரிசியிலும் இல்லாத இரும்பு இரவில் எங்கிருந்து வரும்? உள்ளதை உடல் எளிதாகக் கிரகிக்கும்படி செய்வதே ஊறுதலின் பயன். வயிற்றுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அதில் உண்டாகின்றன. அவ்வளவே அதன் பெருமைக்குப் போதும்.

அரிசியைப் பொறுத்தவரையில் இரண்டு விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும். புழுங்கலரிசியைக் கைவிடலாகாது, சோறு வடித்த கஞ்சியைக் கொட்டலாகாது. 1890களில் ஜாவாத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்தபின் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். பின்னர் சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் ஜில்லாக்களில், மில்லில் தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே பெரிபெரி என்னும் நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாயிருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதே இதன் ரகசியம். அந்நாளில் குன்னூரிலிருந்து, 1958இல் ஹைதராபாத்திற்கு மாறிய போஷணை ஆராய்ச்சி நிலையத்தார் இதை விரிவாக ஆராய்ந்தனர். இந்த ஜீவசத்து நீரில் கரைவது. ஆகையால் அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினாலும், கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாலும் அது வீணாகிறது. மாட்டுக்குக் கொடுப்பதில் பாவமில்லை. பிள்ளைக்கு ஒரு குவளை உப்பிட்டுக் கொடுத்தபின் கொடுக்கலாம்.

இனி, தேநீர். அதைக் குடிக்கலாகாது என்று சொல்வதில் பயனில்லை; சொன்னாலும் கேட்பார் இல்லை. ஆனால் எப்போது குடிப்பது என்பதைப் பற்றிச் சொல்லலாம். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் செய்கிறது. காப்பியும் ஓரளவு அவ்வாறே செய்கிறது. ஆகாரத்திற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். இதற்கு எதிராக நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றின் புளிப்போடு சேர்ந்த ஜீவசத்து இரும்பை உடலில் சேர்க்க உதவுகிறது. எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழியவேண்டும். கொதிக்கவிட்டால் அச்சத்து அழிந்துவிடும். ஆகவே காலை ஏழு மணிக்குக் கூழும் கூடவே ஒரு நெல்லிக்காயும், எட்டரை மணிக்கு வரப்பிலே தேநீரும் என்று மாற்றிக்கொண்டால் ஒரு காசும் அதிகச் செலவில்லை. பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டுவதே இல்லை.

குடும்பத்தில் கடைசியாக உண்பவர் யார் என்பதைச் சங்க அங்கத்தினர்கள் ஒரு வாரம் கவனித்துப் பார்ப்பது நல்லது. பருப்பும் முட்டையும் முதலில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறப்பட்டு, சட்டியில் மிஞ்சிய குழம்போடு தாயார் உண்பது அநேக வீடுகளின் வழக்கம். கருவுற்ற பெண்ணும் பாலூட்டும் பெண்ணும் இவ்வாறே உண்கின்றனர். ரத்த சோகையுள்ள தாய் பெறும் குழந்தைக்கு இரும்புச் சேமிப்புப் பிறக்கும்போதே குறைவாயிருக்கக் கூடும். பரிமாறுவதற்கு முன்பே தாயாரின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்தல் என்ற ஒரு சிறு ஏற்பாடு இதற்குப் போதும். இதைத் தாயார் தமக்குத் தாமே செய்துகொள்ளமாட்டார். கணவரோ மாமியாரோ செய்யவேண்டும். ஆண்கள் செய்தால் இழுக்கு ஒன்றும் வந்துவிடாது.

பால் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர்ந்துள்ளோர் வீடுகளில் மற்றொரு விந்தை காணப்படுகிறது. கறந்த பால் முழுவதும் சங்கத்திற்குச் சென்றுவிடுகிறது. வீட்டுப் பிள்ளை பாலில்லாத தேநீர் குடிக்கிறது. பால் பணம் மாட்டுத் தீவனத்திற்கும் கடன் தவணைக்கும் வேண்டியதே என்பதில் ஐயமில்லை. எனினும் கால் லிட்டர் பாலை நிறுத்திக்கொண்டால் பிள்ளைக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 8 கிராம் புரதமும் கிடைக்கின்றன. அதே பிள்ளைக்குப் பெட்டிக்கடையில் வாங்கித் தரும் தின்பண்டங்களின் கணக்கை எழுதிப் பார்த்தால் இந்தப் பாலின் விலை அதிலேயே அடங்கிவிடும். புட்டியில் அடைத்து விற்கும் இனிப்பு பானம் 300 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. வேறு சத்து ஒன்றுமில்லை.

மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, வேலியில் காய்த்த கொய்யா இவை போதும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுத்தலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்து வெல்லம் சேர்த்துக் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்ததும் நிறம் மாறிச் சுருங்கியதுமான கடலையை, நன்றாயிருப்பதோடு கலந்து வறுக்காமல் எறிந்துவிட வேண்டும். அதிலுள்ள விஷம் வறுத்தாலும் முற்றும் போவதில்லை. உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. நால்வருக்கு மாதம் 600 கிராம் என்றாகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேர்ந்ததே.

தேகப்பயிற்சியைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்வானேன் என்று கேட்கலாம். நாற்று நடுவோருக்கும் மண் வெட்டுவோருக்கும் அது தேவையில்லைதான். ஆனால் உழவு டிராக்டருக்கும், அறுவடை இயந்திரத்திற்கும், அரை மைல் தூரமும் மோட்டார் சைக்கிளுக்கும் போய்விட்ட வீடுகளில் வயலுக்குப் போகிறவர்களும் அதிகம் நடப்பதில்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது விரைந்த நடையோ அதற்கு நிகரான உழைப்போ வேண்டும். பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும். சடுகுடு, பச்சைக்குதிரை, கிளித்தட்டு ஆகியவற்றுக்குச் செலவில்லை, இடம் வேண்டும். களத்துமேடு நெல் காயாத மாதங்களில் சும்மாவே கிடக்கிறது. பெண் பிள்ளைகள் பத்து வயதானவுடன் தண்ணீர் எடுக்கவும் தம்பியைப் பார்க்கவும் நிறுத்தப்பட்டு, விளையாட்டு என்பதையே மறந்துவிடுகின்றனர். அவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் உரியதே.

பள்ளிகளில் 1956இல் காமராஜர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982இல் ஏற்பட்ட சத்துணவும் பிள்ளைகளின் நடுப்பகல் பசியைத் தீர்த்தன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. ஆகையால் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும் ஜூன் மாதத்தில் வீட்டார் விழிப்பாயிருக்க வேண்டும். ஐந்து வருஷம் பள்ளியில் உண்டு பழகிய பிள்ளைக்கு வீட்டில் காலை ஆகாரம் செய்யும் வழக்கமே விட்டுப்போயிருக்கும். விரைந்து வளரும் பருவமோ அப்போதுதான் தொடங்குகிறது. ஆண்டுக்கு இருமுறை கொடுக்கப்படும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடலாகாது. கொக்கிப்புழு குடலிலிருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது. எவ்வளவு நல்ல ஆகாரமும் அதற்கே இரையாகும். அது வெறுங்காலின் தோல் வழியே புகுவதால் பிள்ளைகள் செருப்பணிந்து நடக்கவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கதும் உண்டு. 2023இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் ரேஷன் அட்டை ஒன்றுக்கு அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பெரும்பாலான ரேஷன் கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்திவருவதால், மற்ற இடங்களிலும் அங்கத்தினர் விளைவித்த கேழ்வரகையும் கம்பையும் நிலக்கடலையையும் சங்கம் தன் சொந்தக் கணக்கில் வாங்கி அங்கத்தினருக்கே விற்க முடியுமா என்று மகாசபையில் யோசிக்கலாம். தானியம் கிடைத்தாலும் அதை முளைகட்டி, உலர்த்தி, அரைக்க நேரமில்லாத தாய்மார் அநேகர். நாலைந்து பெண்கள் வாரம் ஒரு முறை சேர்ந்து இருபது குடும்பங்களுக்கு மாவு தயாரித்துக் கொடுத்தால் அவர்களுக்கும் சிறிது கூலி கிடைக்கும். சங்கக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஒரு பந்தலிட்டால் முளைகட்டிய தானியத்தை நிழலில் உலர்த்தக் காற்றோட்டமான இடமாகும். மகாசபை கூடும் நாளில் வழங்கும் பிஸ்கோத்துக்கும் தேநீருக்கும் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும் வழங்குவதற்கு எந்த விதியும் தடையாயில்லை.