வாக்ஸா, செராமிக் கோட்டிங்கா?

கேள்வி: பெயின்ட் மங்கிய கறுப்புக் காருக்கு வாக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங் ஆகியவற்றுள் எதைப் பூசினால் பளபளப்பு திரும்பும்?

பதில்: இம்மூன்றும் பளபளப்பைக் காப்பவையேயன்றி, இழந்த பளபளப்பை மீட்பவை அல்ல. காரின் நிறப்பூச்சுக்கு மேலே ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்களவில், 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற படலம் இருக்கிறது. தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைக்கும்போது அதில் விழும் நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால், வெயிலில் கறுப்பு நிறம் சிலந்திவலை படர்ந்தாற்போல் வெளிறித் தெரிகிறது. ஆகவே முதலில் வேண்டியது, அப்படலத்தை மிகச் சிறிதளவு தேய்த்துச் சமப்படுத்தும் பாலிஷ்; தேய்ந்தது மீண்டும் வளராது என்பதால், கடைக்காரர் வற்புறுத்தினாலும் அதை அடிக்கடி செய்வது தகாது.

பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா வாக்ஸ், கறுப்பு வண்டிக்கு அழகிய மினுமினுப்பைத் தந்தாலும் கடும் வெயிலில் சில வாரங்களே நிற்கும். செயற்கைப் பாலிமர்களாலான சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். சிலிக்கா சார்ந்த திரவமான செராமிக் கோட்டிங், பரப்போடு பிணைந்து இறுகுவதால் முறையாகப் பூசினால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் எனினும், அது கல்லடியைத் தடுக்காது. உப்பு மிகுந்த போர்வெல் நீர் அதன்மேல் காய்ந்தால் வெண்புள்ளிகளும் படியும். வீட்டு வாசலில் தாமே கழுவிக்கொள்பவருக்குச் சீலன்டே போதுமானது. எதைப் பூசியிருப்பினும், தூசியோடு நிற்கும் வண்டிமேல் கவர் போர்த்துவது புதிய கீறல்களை உண்டாக்கும்.