வில்லிசையும் இளமையச்சமும்

நாஞ்சில் நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகள் இளமையிலேயே அறியும் பெயர்களுள் இசக்கி என்பதும் ஒன்று. உச்சிப்பொழுதில் கள்ளிப்புதரை அணுகலாகாது. அந்திக்குப்பின் தனிவழி ஏகலாகாது. ஏகின் இசக்கி பிடித்துக்கொள்வாள் என்பர் பாட்டிமார். பிள்ளைகள் வளர்கின்றனர்; கற்கின்றனர்; பொருளீட்டுகின்றனர். ஆயினும், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில், இசக்கியம்மன் கோயில் முன்னர் வண்டியை நிறுத்திக் காணிக்கையிட்டுச் செல்லும் நரைத்த தலையினரை இன்றும் காணலாம்.

இவ்வச்சத்தை நம் முன்னோர் மூடி மறைத்திலர். கொடைவிழா இரவில் அதனை ஊர்நடுவே வில்லிசையாகப் பாடுவித்தனர். வில்லிசை மெல்லிசையன்று. வைரம் பாய்ந்த பனையினால் நீண்ட வில் செய்து, மணிகள் கோத்து, மட்குடத்தின்மேற் பொருத்துவர். புலவர் வீசுகோலால் நாணை அடித்தலும் மணிகள் ஒருங்கே குலுங்கும். குடத்தின் வாயை அறைய எழும் முழக்கம் செவியினும் நெஞ்சிலேயே முதலிற் படும். உடுக்கையோ, இடைக்கயிற்றை நெருக்குந்தோறும் விம்மி விம்மி ஒலிக்கும். தாலாட்டு அச்சத்தை உறங்கச் செய்வது. வில்லோ அதனை எழுப்பி எதிரே நிறுத்துவது.

அங்கே பாடப்படும் கதை யாது? தன்னை நம்பி உடன்வந்த பெண்ணை, அவள் அயர்ந்து உறங்கும்போது, நகைக்காகக் கல்லிட்டுக் கொன்றான் ஒருவன். அருகில் நின்ற கள்ளியன்றி அதற்குச் சான்று வேறில்லை. மறுபிறப்பில் அவள் நீலியாகவும் அவன் வணிகனாகவும் பிறந்தனர். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவி என்று சொல்லி அவனைத் தொடர்ந்தாள் நீலி. இவள் பேய் என்று அவன் அலறினான், ஊர்ச்சபையார் நம்பவில்லை. தீங்கு நேரின் தம் உயிரையே தருவதாக உறுதி கூறி, அவளோடு ஓரறையில் தங்குமாறு பணித்தனர். விடியலில் அவன் பிணமாகக் கிடந்தான்.

மாணவர்களே, நள்ளிரவில் அஞ்சி எழுந்த குழந்தையிடம், 'ஒன்றுமில்லை, உறங்கு' என்று கூறும் பெரியோர் செயலும் இதனை ஒத்ததன்றோ? அஞ்சியவன் சொல் அம்பலம் ஏறவில்லை. கொலையுண்டபோது அவள் அழுகையும் எவர் செவியிலும் விழவில்லை. இருவர் குறையையும் ஓர் ஊரே விழித்திருந்து கேட்கும் இரவு, கொடை இரவு. பேயென்று அஞ்சப்பட்டவள் முன்னர் வஞ்சிக்கப்பட்ட பெண் என்பதைச் சிறுவர் அன்றுதான் அறிவர்.

மேனாட்டிலும் இத்தகைய வன்முழக்க இசை உண்டு. மெட்டாலிக்கா என்னும் அமெரிக்கக் குழுவினர் 1991-இல் வெளியிட்ட 'என்டர் சாண்ட்மேன்' என்னும் பாட்டு, உறங்கப்போகும் சிறுவனின் கொடுங்கனவைப் பற்றியது; பிள்ளைகள் படுக்குமுன் கூறும் செபமும் அதனுள் வரும். அதனை விரும்பிக் கேட்போரோ பெரும்பாலும் வளர்ந்தோர். அது வெற்றிரைச்சல் என்று இகழ்வோர், குடமுழக்கின் அருகே ஓரிரவு அமர்ந்திலர் போலும்!

நள்ளிரவில் தாளம் விரையும். சாமியாடி எழுந்து ஆடுவார். மடியில் உறங்கிய குழந்தை திடுக்கிட்டுத் தாயைப் பற்றும். தாயின் கையும் அப்பொழுது நடுங்குவதை அக்குழந்தை உணரும். கதை முடிந்தபின் புலவர் வாழி பாடி வில்லை அவிழ்ப்பார். பிள்ளைகள் ஓடிச்சென்று, இசக்கிக்குப் படைத்த பொங்கலை இலையில் வாங்கி உண்பர்.