எண்ணெய் எஞ்சினில் ஹெட் காஸ்கெட் மாற்றுதலும் ஸ்டட்களை இறுக்கும் முறையும்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பெயர் பெற்றது. எனினும் கோடை முற்றினால் ஏரிகளில் பல வறண்டு போகின்றன. சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி நெல்லுக்கு அப்போது கிணறே கதி. கிழக்கே மாமல்லபுரம் கரையோரத்து மணற்பாங்கான நிலங்களில் வேர்க்கடலைக்கும் காய்கறிகளுக்கும் இறைப்பு நீரே உயிர்.

முற்காலத்தில் இவ்வேலையைக் கவலையும் ஏற்றமும் செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினால் நீரிறைக்கும் முறையைப் பரிசோதித்துப் பரவச் செய்தார். இன்று பல கிணறுகளில் மின்சார மோட்டார் ஓடுகிறது. ஆயினும் மின் இணைப்பு எட்டாத நிலங்களிலும், மின்சாரம் தடைப்படும் சமயங்களிலும் டீசல் எஞ்சினை நம்பியிருப்போர் உளர். கதிர் வாங்கும் சமயத்தில் அது சில நாள் நின்றாலும் விளைச்சல் குன்றும். எஞ்சின் நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று ஹெட் காஸ்கெட் பழுதாதல். புதிய காஸ்கெட் போட்டும் சில தினங்களில் அது மீண்டும் பழுதாகுமாயின், குற்றம் பெரும்பாலும் காஸ்கெட்டில் இல்லை. அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்டட்களிலோ அவற்றை இறுக்கிய விதத்திலோ இருக்கிறது.

ஸ்டட்டின் வேலை

இந்நாட்டில் பரவலாக வழங்கும் 5 குதிரைச் சக்தி எஞ்சின்களில் சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர் இருப்பதுண்டு. அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். எண்ணெய் எரியும்போது சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அழுத்தம் உண்டாவதாகக் கொண்டால், ஹெட்டை மேலே தூக்கும் பலம் 3,000 கிலோ ஆகும். நிமிஷத்திற்கு 1,500 சுற்று ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் இவ்வுதை நிமிஷத்திற்கு 750 தடவை நிகழ்கிறது. ஸ்டட்கள் நான்கு எனின், ஒவ்வொன்றும் 750 கிலோவைத் தாங்குவதோடு காஸ்கெட்டையும் நசுங்கப் பிடித்திருத்தல் வேண்டும்.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயல்வதே பிடிப்பாகும். வைக்கோல் வண்டியில் ஒரு பக்கத்துக் கயிற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் பாரம் சாய்வது போல, ஒரு ஸ்டட் மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் நீண்டால் ஹெட் கோணும். தளர்ந்த பக்கத்தில் புகை வழி காணும். ஸ்பானரில் குழாயை மாட்டி இருவர் சேர்ந்து இழுப்பதும் தவறே. எஃகு தன் எல்லையைக் கடந்து நீண்டுவிட்டால் மறுபடியும் சுருங்காது; பிடிப்பும் போய்விடும்.

பழுதின் அடையாளங்கள்

குளிர்விக்கும் நீர்த்தொட்டியில் இடைவிடாது குமிழி வருதல், எஞ்சின் எண்ணெய் மோர் போல் வெளுத்தல், ஹெட்டின் விளிம்பில் கரிக்கோடு படிதல், கைப்பிடியைச் சுற்றுகையில் அழுத்தம் குறைந்து தோன்றுதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றுள் ஒன்று கண்டாலும் எஞ்சினை நிறுத்திச் சோதித்தல் வேண்டும்.

கழற்றுதலும் சுத்தம் செய்தலும்

எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே நட்டுகளைத் தொடலாம். முதலில் நீரை வடித்துவிட வேண்டும். பின்பு எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொரு நட்டையும் சிறிது சிறிதாகத் தளர்த்துக. கடற்காற்றின் உப்பால் துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பது நன்று. உவர் கண்ட கிணற்று நீரையே எஞ்சினைச் சுற்றி ஓடவிடும் இடங்களில், ஸ்டட்டின் நடுப்பாகம் அரித்து மெலிந்திருக்கக் கூடும். மெலிந்தது, வளைந்தது, மரை தேய்ந்தது, நீண்டுபோனது ஆகியவற்றை விலக்கிவிட வேண்டும். பதிலுக்குச் சாதாரண இரும்புக் கம்பியில் மரை வெட்டிப் போடலாகாது. அவ்வெஞ்சினுக்கு உரிய உறுதியான எஃகு ஸ்டட்டே ஏற்றது.

பழைய ஸ்டட்டைக் கழற்ற, அதன் மீது இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுகப் பூட்டி, கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட் வெளிவரும். ஹெட், பிளாக் இரண்டின் முகத்தையும் கீறல் விழாமல் சுரண்டி, நேர்கோலைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். கைப்புத்தகம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் கோணல் இருப்பின், பட்டறையில் சமன் செய்யாமல் காஸ்கெட் போடுவது வீண் செலவு.

ஸ்டட் பொருத்துதல்

பிளாக்கிலுள்ள மரைத் துளைகளில் மண், துரு, நீர், எண்ணெய் எதுவும் தங்கியிருக்கலாகாது. அடி மூடிய துளையில் திரவம் நின்றிருக்க ஸ்டட்டை முறுக்கினால், அத்திரவம் ஒதுங்க இடமின்றிப் பிளாக்கையே வெடிக்கச் செய்யும். ஸ்டட்டைக் கையால் திருகி இறக்கி, கைப்புத்தகம் கூறும் அளவுக்கு மட்டும் அமர்த்துக. நீரறைக்குள் திறக்கும் துளையாயின் மரையில் கசிவடைக்கும் பசை பூசுதல் வேண்டும். எல்லா ஸ்டட்களும் பிளாக்குக்கு மேல் உரிய உயரத்தில் நிற்கின்றனவா என்று அளந்து பார்க்க வேண்டும்.

காஸ்கெட் புதியதாகவும் அதே கனமுள்ளதாகவும் இருத்தல் அவசியம். கனம் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் மோதலாம். இரண்டை அடுக்கினால் அழுத்தம் குறைந்து எஞ்சின் கிளம்பாது.

இறுக்கும் முறை

முறுக்கு விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே ஸ்டட்டை நீட்டுகிறது. எஞ்சியது மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வில் கழிகிறது. துருப்பிடித்த மரையில் அளவு சரியாகக் காட்டினும் ஸ்டட் போதிய அளவு நீண்டிராது. ஆகையால் கைப்புத்தகம் சொன்னபடி மரைக்கும் நட்டின் அடிக்கும் எண்ணெய் இட வேண்டும்.

டார்க் ரெஞ்ச் கிடைக்காதவிடத்து வில் தராசு உதவும். குறித்த அளவு 10 கிலோகிராம்-மீட்டர், அதாவது சுமார் 98 நியூட்டன்-மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நட்டின் மையத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் ஸ்பானருக்குச் செங்கோணமாகத் தராசை மாட்டி 20 கிலோ வரை இழுத்தால் அவ்வளவு கிடைக்கும். முதற்சுற்றில் 7 கிலோ, இரண்டாவதில் 14, மூன்றாவதில் 20 என எதிரெதிர் மூலைகளாக ஏற்றுக. இது கணக்கு விளங்குதற்குக் கூறிய உதாரணம். ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதன் கைப்புத்தகத்து அளவே பிரமாணம்.

இறுக்கியபின் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, எஞ்சினைக் கையால் இரு முறை முழுச் சுற்றாகச் சுற்றிப் பார்த்த பின்பே ஓட்ட வேண்டும். சிலிண்டருக்குள் நீர் தங்கியிருந்து எஞ்சின் கிளம்பினால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சில மணி நேரம் ஓட்டி ஆறவிட்டு மீண்டும் இறுக்கும்படி கைப்புத்தகம் கூறின், அதைத் தவறாது செய்து, வால்வு இடைவெளியை மறுபடியும் பார்க்க வேண்டும்.

டார்க் ரெஞ்ச் ஒவ்வொருவரும் வாங்கத்தக்க சாமான் அன்று; ஆண்டிற்கு ஓரிரு முறையே பயன்படுவது. கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முயன்று ஊருக்கு ஒன்று வாங்கி வைத்து, எஞ்சின் வகைகளுக்குரிய அளவுகளை ஓர் அட்டையில் எழுதி அதனுடன் கட்டி வைப்பார்களாயின், கோடையில் பல கிணறுகளில் எஞ்சின் நில்லாமல் ஓடும். சொர்ணவாரிப் பயிரும் காயாது.