லாரியின் இடது பக்கம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோடு திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை. பழைய எண் 208, இப்போது 744. கேரளா போகும் லாரி, மில்லுக்குப் பஞ்சு ஏற்றி வரும் லாரி எல்லாம் இதில்தான். நம்ம சைக்கிளும் இதில்தான்!

நம் நாட்டில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். அதனால் இடது கதவை ஒட்டி வரும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. கண்ணாடியிலும் முழுசாக விழாது. என் அப்பா லாரி டிரைவர். "கிளீனர் வராத நாளில் லெஃப்ட்டில் திருப்பவே பயமா இருக்கும்மா" என்பார். அவர் ஹாரன் அடித்தால் சில பையன்கள் திட்டுகிறார்கள்!

லாரி திரும்பும்போது பின் சக்கரம், முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன் சக்கரம் தாண்டிவிட்டதே என்று அந்தச் சந்தில் நுழையவே கூடாது. சைக்கிளை நிறுத்தி லாரியை முன்னால் விடுங்கள்.

பிரேக்? இரண்டு அச்சு லாரி சரக்கோடு 18.5 டன் வரை இருக்கலாம். 40 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். டிரைவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் நம் வகுப்பறை நீளத்தைத் தாண்டிவிடும்.

அப்பா சொன்ன அடையாளம் ஒன்று: லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நாமும் அவருக்குத் தெரியமாட்டோம். பின்தங்கி வாருங்கள்.

- 9ஆம் வகுப்பு மாணவி