'பலின்' என்னும் கிரேக்கச் சொல்

புதிய ஏற்பாட்டை மூலபாஷையிற் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் கால வினையடைகளுள் 'பலின்' என்பதும் ஒன்று. 'மறுபடியும்' என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அது வருகின்றது. அதன் இரண்டு உயிரும் குறில். முதலசையை எடுத்து ஒலித்தல் வேண்டும். நீட்டி ஒலிப்பின் ஆவின் பாலாய்விடும்! பெயர்ச்சொல்லைப்போல் வேற்றுமையாலும் எண்ணாலும் இது திரிவதில்லை. ஆகவே இதனை மனனம் செய்தல் எளிது; உணர்தல் அத்துணை எளிதன்று.

ஹோமரின் காவியங்களில் இச்சொல் பெரும்பாலும் 'பின்னோக்கி' என இடத்தையே குறித்தது. சென்ற வழியே திரும்புகிறவன் முன் கண்டதை இரண்டாம் முறை காண்கின்றான். இவ்வாறே 'பின்னோக்கி' என்பது 'மறுபடியும்' எனக் காலத்தின்மேற் சென்றது. தமிழர்க்கு இது வியப்பன்று. நம் 'மீண்டும்' என்பது 'மீள்' என்னும் வினையினின்றும், 'திரும்பவும்' என்பது 'திரும்பு' என்னும் வினையினின்றும் பிறந்தன அல்லவோ? பழம்பொருளும் முற்றும் மறையவில்லை. முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கப்படும் தொடரை ஆங்கிலர் 'பாலிண்டிரோம்' என்பர். 'பின்னோக்கி ஓடுவது' என்பதே அதன் கிரேக்கப் பொருள். மயிலையிற் பூம்பாவைத் திருப்பதிகம் பாடிய ஞானசம்பந்தர் இயற்றிய 'மாலைமாற்று' இவ்வகையினதே.

இனி, யோவான் சுவிசேஷத்தில் மூன்று இடங்களை நோக்குவோம். 18:27-இல் பேதுரு தம் ஆண்டவரை மறுபடியும் மறுதலிக்கின்றார். அங்கே 'பலின்' உண்டு. 20:26-இல் எட்டு நாளுக்குப் பின் சீஷர் மறுபடியும் வீட்டினுள் கூடியிருக்கின்றனர். முன்பு வராதிருந்த தோமா இம்முறை உடனிருக்கின்றார். அங்கும் 'பலின்'. 21:16-இல் மறுதலித்த அதே பேதுருவிடம், அன்பு உண்டோ என்று ஆண்டவர் மறுபடியும் வினவுகின்றார், அங்கும் அதுவே. பிழை மீண்டும் நேர்ந்தமைக்கும், அப்பிழை செய்தவனுக்கு அன்பு மீண்டும் வாய்ப்பளித்தமைக்கும் சொல் ஒன்றுதான். மறுபடியும் செய்வது நன்றோ தீதோ என்பதை அச்சொல் கூறாது. அஃது அடுத்துள்ள வினை உரைப்பது. வினையடையைத் தனியே பிரித்துப் பாடம் பண்ணுவோர் இதனைக் காணார். வாக்கியத்தோடு கற்பவரே காண்பர்.

தோமாவின் கல்லறை உள்ளதெனப் பாரம்பரியம் போற்றும் இடத்தில் சாந்தோம் தேவாலயம் நிற்கின்றது. இன்றுள்ள கட்டடம் 1896-இல் எழுந்தது. மயிலாப்பூரினின்று அடையாறு செல்லும் நம் மாணவர் அதன் கோபுரத்தை நாடோறும் காண்பர். காணுந்தோறும் இச்சிறு சொல்லையும் நினைப்பாராக. முதல் வகுப்புக்கு வரத் தவறியவரும் முதற்பரீட்சையில் தவறியவரும் நம்முள் உளர். தோமாவும் ஒருநாள் வராதவரே. எனினும் எட்டாம் நாள் வந்து அமர்ந்தார். கிரேக்கமாயினும் வாழ்க்கையாயினும், மீண்டு வந்து அமர்பவனுக்கே பாடம் கைகூடும்.