மைக்செட் வந்த இசை நாடகம்



பாட்டாலேயே கதை சொல்வது இசை நாடகம். மேல்நாட்டில் இதுபோன்றதை ஆப்பரா என்பார்கள். நம் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடினாராம்.

பிறகு மைக்செட் வந்தது. அது எப்படி வேலை செய்கிறது?
1. மைக், குரலை மின்சாரமாக மாற்றும்.
2. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கும்.
3. ஸ்பீக்கர் மறுபடி ஒலியாக்கும்.
அந்த ஒலி திரும்ப மைக்குக்குள் போனால்தான் ‘கூய்ய்’ என்று கத்துகிறது.

இப்போது கீபோர்டு, ரிதம்பேடு எல்லாம் மேடைக்கு வந்தாச்சு. 2010-ல் மொனாக்கோவில் ஓர் ஆப்பராவில் ரோபோக்களே மேடை ஏறின!

எங்க ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நடந்தப்போ பாதியில் கரண்ட் போச்சு. கீபோர்டு ஊமையாச்சு. ஆர்மோனியம் காற்றால் ஒலிப்பது, அது நிற்கவில்லை. ஏலத்தோட்ட வேலை முடிஞ்சு வந்திருந்த எங்க அப்பத்தா, “ஒண்ணும் கேக்கலையே தாயி” என்றார். எல்லோரும் மேடைக்குக் கிட்டே போய் உட்கார்ந்தோம். வள்ளி வேஷக்கார அக்கா தொண்டையைத் திறந்து பாடினார். அப்பத்தாவுக்கும் கேட்டது.

மைக் வேண்டும், பின்வரிசைக்காரங்களுக்காக. ஆனால் அது குரலைப் பெருக்கும், குரலைக் கொடுக்காது. ஆண்டு விழாவில் பாடப் போகிறவர்களே, மைக் இல்லாமலும் பாடிப் பழகுவோமா?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி